கால்பந்தை உருப்படியாகப் பேசுவது எப்படி: டிரான்ஸ்பர், அணி வளர்ப்பு, வி.ஏ.ஆர் பற்றி ஒரு முழு வழிகாட்டி

2023 செப்டம்பர் 30, சனிக்கிழமை. இங்கிலாந்துக் கிளப்புகளான டாட்டன்ஹாமும் லிவர்பூலும் மோதிய ஆட்டம் நம் நேரத்துக்கு ராத்திரி 10 மணிக்குத் தொடங்கியது. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில் ஏழு பேர் உட்கார்ந்து பார்த்தோம். 34-வது நிமிடத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடித்தார். துணை நடுவர் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கினார், அதாவது பந்து அனுப்பப்பட்ட கணத்தில் டியாஸ் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்றார் என்று. வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் வி.ஏ.ஆர் அறையும் சில நொடிகளில் சோதனையை முடித்துக்கொண்டது. கோல் இல்லை. கடைசியில் லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

மறுநாள் சாயங்காலம் கோட்டை மைதானம் பக்கத்து டீக்கடையில் இரண்டு மணி நேரம் பேசினோம். ஆஃப்சைடை அளக்கத் திரையில் கோடு போட்டது தப்பா, கேமரா கோணம் தப்பா, பந்து எந்தக் கணத்தில் காலை விட்டுக் கிளம்பியது என்று பேசிப் பேசித் தொண்டை வறண்டது. ஒரு தம்பி கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டான். மூன்று நாள் கழித்து வி.ஏ.ஆர் அறையின் குரல் பதிவு வெளியானது. கோடு சரியாகத்தான் போட்டிருந்தார்கள். டியாஸ் ஆஃப்சைடில் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மைதானத்தில் கொடுத்த முடிவே 'கோல்' என்று அவர்கள் நினைத்துக்கொண்டு, சோதனை முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். தப்பு உணரப்பட்டபோது ஃப்ரீ கிக் எடுத்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பின்னால் போய்த் திருத்த விதி இடம் கொடுக்காது.

நாங்கள் இரண்டு மணி நேரம் பேசியது முழுக்க கோட்டைப் பற்றி. கோட்டில் தப்பே இல்லை.

அதற்கப்புறம் எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் வந்தது. கருத்து சொல்வதற்கு முன்னால், இந்தக் கேள்விக்குப் பதில் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று கேட்போம். டிரான்ஸ்பர் என்றால் ஒப்பந்தம். அணி வளர்ப்பு என்றால் வயசுப் பட்டியல். வி.ஏ.ஆர் என்றால் விதிப்புத்தகம். காகிதம் சொல்வது முடிந்த இடத்தில்தான் ரசனை தொடங்குகிறது. அந்த இடம் வந்தபிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். இந்த வழிகாட்டி அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறது.

முதல் படி: ஒரு நோட்டும் நேரக் கணக்கும்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் நேரத்தை எழுதி வையுங்கள். இங்கிலாந்தில் மதியம் 3 மணி ஆட்டம் கோடைக்காலத்தில் நமக்கு ராத்திரி 7.30, அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியபின் 8.30. சாம்பியன்ஸ் லீக்கின் முக்கிய ஆட்டங்கள் அதேபோல நள்ளிரவு 12.30, இல்லாவிட்டால் 1.30. டிரான்ஸ்பர் ஜன்னல், அதாவது கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்கும் காலம், மூடும் நேரமும் முக்கியம். 2024 கோடையில் இங்கிலாந்து ஜன்னல் அவர்கள் நேரப்படி ராத்திரி 11-க்கு மூடியது, அதாவது நமக்கு விடிகாலை 3.30. 2025-ல் மாலை 7 மணிக்கே மூடிவிட்டதால் நமக்கு ராத்திரி 11.30-க்கு முடிந்தது, காலை டூட்டிக்குப் போகிறவர்கள் தூங்க முடிந்தது.

இரண்டாம் படி: டிரான்ஸ்பர் செய்தியைப் படிப்பது

ஒரு வீரரின் பெயர் அடிபட்டால் கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி "எவ்வளவுண்ணா?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்பது.

இதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். பெல்ஜியத்தின் ஜான் மார்க் போஸ்மன். 1990-ல் லியேஜ் கிளப்போடு அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பிரான்சின் டன்கிர்க் கிளப்புக்குப் போக விரும்பினார். ஒப்பந்தமே இல்லாத வீரருக்கும் பழைய கிளப் பணம் கேட்கலாம் என்ற காலம் அது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1995 டிசம்பர் 15-ல் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்குப் பணமில்லாமல் போகலாம். இன்று 2 வருஷம் பாக்கி உள்ள வீரருக்குக் கிளப் பிடிவாதமாக விலை சொல்வதும், 1 வருஷம் பாக்கி என்றால் இறங்கி வருவதும், கடைசி 6 மாதத்தில் வீரர் வேறு கிளப்போடு நேராகவே கையெழுத்துப் போட முடிவதும் எல்லாம் அதன் தொடர்ச்சி. 2024-ல் கிலியன் எம்பாப்பே பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கிளப்பிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்கு டிரான்ஸ்பர் தொகையே இல்லாமல் போனது இந்த வழியில்தான்.

அடுத்தது, விடுவிப்புத் தொகை. ஸ்பெயினில் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஒரு தொகை எழுதப்பட்டிருக்கும். அதைக் கட்டிவிட்டால் கிளப் வேண்டாம் என்று சொன்னாலும் வீரர் போகலாம். 2017-ல் நெய்மாருக்காக பாரிஸ் கட்டிய 22 கோடியே 20 லட்சம் யூரோ அப்படிப்பட்ட தொகை. பார்சிலோனா அந்த விலைக்கு விற்க ஒத்துக்கொண்டது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அவர்களைக் கேட்கவே தேவையிருக்கவில்லை.

இப்போது கணக்கு. இந்த இடத்தில்தான் பெரும்பாலான ரசிகர்கள் வழுக்குகிறார்கள், நானும் பல வருஷம் தப்பாகவே பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு இதைப் புரியவைத்தவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பாய். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர். "தம்பி, நாங்க ஒரு கட்டிங் மெஷின் வாங்குனா முழு விலையையும் இந்த வருஷச் செலவுல போட மாட்டோம். எத்தனை வருஷம் உழைக்குமோ அத்தனையா பிரிச்சுப் போடுவோம். வீரரும் அதே மாதிரிதான், ஒப்பந்தம் எத்தனை வருஷமோ அத்தனையா பிரிப்பாங்க" என்றார். தேய்மானம் என்று நம் ஊர்க் கணக்கர்கள் சொல்வது அதைத்தான்.

2023 ஜனவரியில் செல்சி, பென்ஃபிகாவிலிருந்து என்சோ பெர்னாண்டஸை 10 கோடியே 68 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஒப்பந்தம் எட்டரை வருஷம். பிரித்துப் பார்த்தால் வருஷத்துக்குச் சுமார் 1 கோடியே 25 லட்சம் பவுண்டுதான் கணக்கில் ஏறும். அவ்வளவு நீளமாக ஒப்பந்தம் போட்டதன் சூட்சுமம் இதுதான். அந்த வருஷமே ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா, ஒப்பந்தம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் 5 வருஷத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்றது. டிசம்பரில் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கும் அதே வழிக்கு வந்தது. 5-ஆல் வகுத்தால் அதே வீரர் வருஷத்துக்கு 2 கோடியே 13 லட்சத்துக்கு மேல் கணக்கில் வருவார்.

விற்கும்போது இதே கணக்கு திரும்பி வரும். 5 கோடிக்கு வாங்கி 5 வருஷ ஒப்பந்தம் போட்ட வீரர், இரண்டு வருஷம் கழித்து ஏட்டில் 3 கோடி மதிப்பில் இருப்பார். அவரை 4 கோடிக்கு விற்றால் ரசிகன் "ஒரு கோடி போச்சு" என்று தலையில் கை வைப்பான். ஏட்டில் அது 1 கோடி லாபம். கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த பையனுக்கு வாங்கிய விலை என்று ஒன்றும் கிடையாது, எனவே விற்ற தொகை முழுவதும் லாபமாக நிற்கும். கோனர் கேலகரை செல்சி 2024-ல் அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு விற்றதையும், அந்தோணி கோர்டனை எவர்ட்டன் 2023-ல் நியூகாசிலுக்கு விற்றதையும் இந்தக் கண்ணால் பாருங்கள். நல்லா விளையாடும் உள்ளூர்ப் பையனை ஏன் விற்கிறார்கள் என்ற ரசிகர்களின் வயிற்றெரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. பையனை வளர்த்தவனைத் தண்டித்து, வாங்கி விற்பவனுக்கு வசதி செய்து கொடுப்பதுபோல இருக்கிறது. ஆனால் ஏற்பாடு இதுதான் என்று தெரிந்தபின் திட்டினால், திட்டு சரியான முகவரிக்குப் போய்ச் சேரும்.

தண்டனையும் வெறும் பயமுறுத்தல் இல்லை. பிரீமியர் லீக் விதி, மூன்று வருஷத்தில் கூடிப்போனால் 10 கோடியே 50 லட்சம் பவுண்டு நஷ்டம்வரை பொறுத்துக்கொள்ளும் என்று இருந்தது. அதை மீறியதற்காக எவர்ட்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டினார்கள். மேல்முறையீட்டில் அது 6 ஆனது, 2024 ஏப்ரலில் வேறொரு வழக்கில் இன்னும் 2 போனது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4 புள்ளி.

வதந்தியைத் தரம் பிரிக்க ஒரு ஏணியை நோட்டில் வரையுங்கள். விருப்பம், பேச்சுவார்த்தை, வீரரோடு சம்பள ஒப்புதல், கிளப்புகளுக்குள் தொகை ஒப்புதல், மருத்துவப் பரிசோதனை, பதிவு. செய்தி எந்தப் படியில் நிற்கிறது என்று மட்டும் குறியுங்கள். கடைசிப் படி ஏறாதவரை எதுவும் முடிந்ததாகாது. 2015 ஆகஸ்ட் 31-ல் டேவிட் டி கியா ரியல் மாட்ரிட்டுக்குப் போவது முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். காகிதங்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவர் மான்செஸ்டர் யுனைடெட்டிலேயே 2023 வரை கோல்கீப்பராக இருந்தார். பாய் அன்றைக்கு நிம்மதியாகப் பிரியாணி சாப்பிட்டதாக இப்போதும் சொல்வார்.

மூன்றாம் படி: வயசுப் பட்டியல் போடுவது

உங்கள் அணியின் 11 இடங்களையும் ஒரு பக்கத்தில் வரையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பெயர். பக்கத்தில் வயசு, ஒப்பந்தம் முடியும் வருஷம். இந்த ஒரு பக்கம் போட அரை மணி நேரம் ஆகும். போட்டு முடித்தபின் பாதி விவாதம் தானாக அடங்கிவிடும். நடுவில் தடுத்தாடும் சென்டர் பேக் இரண்டு பேருக்கும் 32 ஆகி, ஒப்பந்தமும் அடுத்த வருஷம் முடிகிறது என்றால் கோல் அடிக்கும் ஸ்டிரைக்கர் வேண்டும் என்று கத்திக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. காட்பாடியில் ரயில்வேயில் வேலை பார்க்கும் எங்கள் அண்ணன் ஆர்சனலுக்கு ஒவ்வொரு ஜூன் மாதமும் இதைப் போடுவார். அவர் நோட்டைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பழக்கமே வந்தது.

பட்டியலில் இன்னொரு அடையாளம் போடுங்கள்: உள்ளூர்ப் பயிற்சி. பிரீமியர் லீக் பட்டியலில் 25 பேர்வரை இருக்கலாம், அதில் 17 பேருக்கு மேல் வெளியில் வளர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. 21 வயது முடிவதற்குள் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் மூன்று சீசன் பதிவாகியிருந்தால் அவர் உள்ளே வளர்ந்தவர். நாடு எது என்பது இங்கே கேள்வியே இல்லை. யூஃபா ஒரு படி மேலே போய், உள்ளே வளர்ந்த 8 பேரில் 4 பேர் அதே கிளப்பில் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. சில கிளப்புகள் அதிகம் ஆடாத மூன்றாம் கோல்கீப்பராக உள்ளூர் ஆளையே வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லோனைப் பற்றி, அதாவது வீரரைத் தற்காலிகமாக வேறு கிளப்புக்கு ஆட அனுப்புவதைப் பற்றிச் சுருக்கமாக. 2024 ஜூலை முதல் ஒரு கிளப் சர்வதேச அளவில் 6 பேரைத்தான் லோனில் அனுப்பலாம், 6 பேரைத்தான் வாங்கலாம். 21 வயதுவரை உள்ள, கிளப்பிலேயே வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது.

வளர்ப்பு என்றால் எல்லோரும் பார்சிலோனாவின் லா மாசியாவைத்தான் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். 1979-ல் தொடங்கியது. 2010-ல் உலகின் சிறந்த வீரர் விருதுக்குக் கடைசி மூன்றில் நின்ற மெஸ்ஸி, இனியெஸ்தா, சாவி மூவரும் அங்கே வளர்ந்தவர்கள். லமின் யமால் 2023 ஏப்ரலில் 15 வயதில் முதல் அணியில் இறங்கி, 2024 யூரோ கோப்பை அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக 16 வயதில் கோல் போட்டார். ஆனால் ரசிகனாக நான் அதிகம் கற்றுக்கொண்டது இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்பிடம். ஈகுவடார் கிளப் ஒன்றிலிருந்து 2021-ல் மொய்செஸ் கைசெதோவை ஏறக்குறைய 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். பெல்ஜியத்துக்கு லோனில் அனுப்பினார்கள். பிறகு ஒன்றரை சீசன் ஆடவைத்தார்கள். 2023-ல் செல்சிக்கு 10 கோடி பவுண்டுக்கு விற்றார்கள், மேலே 1.5 கோடி சேரலாம் என்ற நிபந்தனையோடு. வளர்ப்பு என்பது பள்ளி நடத்துவது மட்டும் என்று நினைத்திருந்தேன். சரியான வயதில் கண்டுபிடித்து, சரியான நிமிடங்கள் ஆடவைப்பதும் வளர்ப்புதான்.

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருவோம், எனக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவு ஆர்வம்.

பாலாற்று மணலிலும் நேதாஜி மைதானத்திலும் வேலூர் வெயிலில் பந்து உதைக்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாம் இப்போது வேறு வேறு மாவட்டம். பழைய ஆட்களுக்கு இன்னும் எல்லாம் வட ஆற்காடுதான், கால்பந்துக்கும் அப்படியே. எங்கள் பகுதியில் ஒரு சின்னக் குழுவில் ஆறு வருஷம் பயிற்சி எடுத்த பையன் ஒருவன் பிறகு வெளியூர் அணி ஒன்றுக்குப் போனான். அவனைப் பயிற்றுவித்தவரிடம் அவன் எங்களிடம்தான் கற்றான் என்று காட்ட ஒரு காகிதம்கூட இல்லை. எந்தச் சங்கத்திலும் பதிவில்லை, வருகைப் பதிவேடுகூட இல்லை. ஒரு குரூப் போட்டோ மட்டும் இருந்தது.

உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் விதியில் ஒற்றுமைத் தொகை என்று ஒன்று உண்டு. ஒரு வீரர் ஒப்பந்தம் முடியும் முன் பணம் கொடுத்து வேறு நாட்டுக் கிளப்புக்கு மாற்றப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். 12 முதல் 15 வரை ஒவ்வொரு வருஷத்துக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஒவ்வொரு வருஷத்துக்கும் 0.5 சதவீதம். 1 கோடி ரூபாய்க்கு ஒரு வீரர் போனார் என்று வையுங்கள். 12 முதல் 17 வரை வளர்த்த கிளப்புக்கு முதல் நான்கு வருஷத்துக்கு 1 லட்சம், அடுத்த இரண்டு வருஷத்துக்கு 1 லட்சம், ஆக 2 லட்சம். ஒரு சின்னக் குழுவுக்குப் பல வருஷம் பந்தும் வலையும் வாங்கப் போதுமான பணம். 2022 நவம்பர் முதல் ஃபிஃபா இதற்கென்றே ஒரு தீர்வகம் வைத்திருக்கிறது. வீரரின் மின்னணுப் பதிவைப் பார்த்து அது பணத்தைப் பிரித்துக் கொடுக்கும். பதிவில் உங்கள் கிளப் பெயர் இல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் வராது.

எனவே குழு நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியது இது. குழுவை மாவட்டச் சங்கம் வழியாக முறையாகச் சேர்த்துவிடுங்கள். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் மையப் பதிவு முறையில் பையன்களைப் பதிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழைப் பள்ளியில் கொடுத்ததோடு ஒத்துப் பாருங்கள், ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் தலைவலி. ஒவ்வொரு சீசனும் புதுப்பியுங்கள். பெண் பிள்ளைகளையும் அதே கவனத்தோடு பதியுங்கள். மதுரையின் சேது எஃப்.சி 2019-ல் இந்திய மகளிர் லீக்கையே வென்ற மாநிலம் இது.

நம் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போவார்களா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கன்னியாகுமரிக் கடற்கரை ஊரிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக்கின் பெரிய கிளப்புகளுக்கு ஆடினார். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி 2018-19 ஐ-லீக்கை வென்றது. சென்னையின் எஃப்.சி 2015-லும் 2017-18-லும் ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கியது. வழி தூரமாக இருக்கலாம், அடைபட்டுவிடவில்லை.

நான்காம் படி: வி.ஏ.ஆரைப் பார்ப்பது

முதலில் கேமராவுக்கு எந்த வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். 2018-ல் விதிப்புத்தகத்தில் ஏறியபோது நான்கு விஷயங்கள்தான்: கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறி கார்டு காட்டியது. நடுக்களத்தில் கொடுத்த ஒரு ஃப்ரீ கிக் தப்பு என்று வி.ஏ.ஆரைத் திட்டினால், அது அதன் வேலையே இல்லை.

அடுத்து, கேள்வி அளவு பற்றியதா, தீர்ப்பு பற்றியதா என்று பிரியுங்கள். ஆஃப்சைடு நிலையும் பந்து கோட்டைத் தாண்டியதும் அளவு. ஒரு சென்டிமீட்டர் என்றாலும் அளவு அளவுதான், 'தெளிவான, வெளிப்படையான தவறு' என்ற தராசு அங்கே வராது. ஃபவுலா, ரெட் கார்டுக்கு உரிய வேகமா, கை இயல்பான இடத்தில் இருந்ததா என்பதெல்லாம் தீர்ப்பு. அங்கே அறையில் இருப்பவர் "நானாக இருந்தால் என்ன கொடுத்திருப்பேன்" என்று கேட்கக் கூடாது, "நடுவர் கொடுத்தது தெளிவான தவறா" என்று மட்டும்தான் கேட்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு சம்பவத்தில் ஒன்றுக்குப் பெனால்டி நிற்பதும் இன்னொன்றுக்கு நிற்காததும் பல நேரம் இதனால்தான். மைதானத்தில் முதலில் என்ன கொடுத்தார்கள் என்பதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். டியாஸ் சம்பவத்தில் அந்த அறையே தவறவிட்ட விவரம் அது.

ஆஃப்சைடில் கையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அக்குளின் அடிப்பகுதிக்கு மேலே உள்ள தோள் கணக்கில் வரும். பந்தை அனுப்புகிறவர் அதை முதலில் தொடும் கணம்தான் கணம். இந்தக் கணத்தை டீக்கடையில் செல்போனில் நிறுத்திக் காட்டி நிரூபிக்க முடியாது, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஸ்டிரைக்கர் நொடிக்கு 8.3 மீட்டர் நகர்கிறார். வீடியோ நொடிக்கு 50 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 16 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடுவார். தடுப்பாட்டக்காரர் எதிர்ப்பக்கமாக ஓடி வந்தால் இடைவெளி இரட்டிப்பாகும். செல்போனில் நிறுத்திய படத்தில் 5 சென்டிமீட்டருக்காக நட்பை முறித்துக்கொள்வது வீண்.

இதற்காகவே 2022 உலகக் கோப்பையில் பாதி தானியங்கி ஆஃப்சைடு முறையைக் கொண்டுவந்தார்கள். மைதானக் கூரையில் 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகள்வரை, நொடிக்கு 50 முறை. பந்துக்குள் இருந்த கருவி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. பிரீமியர் லீக் 2025 ஏப்ரல் 12-ல் தன்னுடைய பாதி தானியங்கி முறையைத் தொடங்கியது. அளவு சம்பந்தமான விஷயத்தில் இயந்திரம் வருவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். 2010 உலகக் கோப்பையில் லாம்பார்டின் பந்து ஜெர்மனி கோல் கோட்டைத் தாண்டி விழுந்ததை உலகமே பார்த்தது, நடுவர் குழு மட்டும் பார்க்கவில்லை. அந்த வலி இனி யாருக்கும் வர வேண்டியதில்லை.

தீர்ப்பு சம்பந்தமான விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. அதே டாட்டன்ஹாம் ஆட்டத்தில் கர்ட்டிஸ் ஜோன்ஸுக்கு முதலில் யெல்லோ கார்டுதான். நடுவர் திரைக்குப் போனதும் கால் பட்ட கணத்தை உறைய வைத்த படம் முதலில் காட்டப்பட்டது. ரெட் ஆனது. உறைந்த படத்தில் எல்லாத் தொடுகையும் கொடூரமாகத் தெரியும், வேகமும் உரசலும் தெரியாது. அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம். சம்பவம் நடந்த உடனே, ரீப்ளே வருவதற்குள் ஒவ்வொருவரும் தன் முடிவைச் சொல்லிவிட வேண்டும். நோட்டில் ஏறிவிடும். பிறகு மெதுவான படத்தைப் பார்க்கலாம். ஒரு சீசன் இப்படிச் செய்துபாருங்கள். நடுவர் வேலை எவ்வளவு கஷ்டம் என்பது உடம்பில் ஏறும்.

எல்லா இடத்திலும் வி.ஏ.ஆர் இல்லை. 2024-ல் பிரீமியர் லீக்கில் உல்வர்ஹாம்டன் கிளப் அதை நீக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தது, கிளப்புகளின் வாக்கெடுப்பில் 19-க்கு 1 என்று தோற்றது. சுவீடனில் கிளப்புகள் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டன. நம் ஐ.எஸ்.எல். 2024-25 சீசனையும் அது இல்லாமலே ஆடி முடித்தது. 2023 மார்ச் 3-ல் பெங்களூருவில் சுனில் சேத்ரி வேகமாக எடுத்த ஃப்ரீ கிக் கோலுக்காகக் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டத்தை விட்டே வெளியேறியது. அவர்களுக்கு 4 கோடி ரூபாய் அபராதம். அன்று வி.ஏ.ஆர் இருந்திருந்தால் என்று நம் நண்பர்கள் இன்றும் பேசுவார்கள். அதன் மையக் கேள்வி, வேகமாக எடுக்க நடுவர் அனுமதித்தாரா என்பது. அதற்குப் பதில் நடுவரிடம்தான் இருக்கிறது, கேமராவில் கிடைக்காது.

இந்தியா மாதிரி நாடுகளுக்கு எனக்கு நம்பிக்கை தரும் ஏற்பாடு வேறு ஒன்று. குறைந்த கேமராக்களோடு, தனி வீடியோ நடுவர் இல்லாமல், பயிற்சியாளர் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு முறை சோதனை கேட்கும் முறையை ஃபிஃபா 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் சோதித்தது. கிரிக்கெட் ரிவியூ பார்த்து வளர்ந்த நமக்கு அது உடனே புரியும்.

ஐந்தாம் படி: விசில் பிடிக்கிறவனைக் காப்பது

இது சின்னப் படி, தவறவிடக் கூடாத படி. போன கோடையில் இங்கே ஒரு ஏழு பேர் போட்டியில் கல்லூரி மாணவன் ஒருவன் நடுவராக நின்றான். பெனால்டி கொடுக்கவில்லை என்று பத்துப் பேர் செல்போன் வீடியோவோடு அவனைச் சூழ்ந்தார்கள். அவன் கை நடுங்கியது. பார்வையாளர் எடுத்த வீடியோவைப் பார்த்து நடுவர் முடிவை மாற்ற விதியில் இடமே கிடையாது. அதை எடுத்துச் சொல்லக்கூட அந்தக் கூட்டத்தில் ஆள் இல்லை. அடுத்த வாரம் அவன் வரவில்லை.

அதனால் எங்கள் பகுதிப் போட்டியில் இப்போது மூன்று ஏற்பாடு. நடுவரிடம் கேப்டன் மட்டும் பேசலாம். ஆட்டத்துக்கு முன் இரண்டு அணியையும் உட்காரவைத்து ஆஃப்சைடு, ஹேண்ட்பால் விதிகளைப் பத்து நிமிடம் வாசிப்போம். ஒவ்வொரு அணியும் ஒரு பையனை மற்ற ஆட்டங்களுக்குக் கொடி பிடிக்க அனுப்ப வேண்டும். கொடி பிடித்து வெயிலில் ஒரு பாதி ஓடிவிட்டு வந்தவன் அதற்கப்புறம் துணை நடுவரைப் பார்த்துக் கத்துவதை நான் இதுவரை பார்த்ததில்லை.

அன்றைக்குக் கோபித்துக்கொண்டு எழுந்துபோன தம்பி இப்போது கொடி பிடிக்கிறான். விதிப்புத்தகத்தின் பதினோராவது விதியைப் பிரிண்ட் எடுத்து நான்காக மடித்துப் பையில் வைத்திருக்கிறான். போன ஞாயிறு டீக்கடையில் பாய் ஏதோ ஒரு ஆஃப்சைடுக்குக் குரல் உயர்த்தியபோது, அந்தக் காகிதத்தைப் பிரித்து மேஜையில் வைத்து, "பாய், இந்த வரியைப் படிங்க" என்றான்.